ஒரு தைவான் விருந்தாளியும் நான் நிரப்பிய ஒரு கட்டமும்: ஹட்டனிலிருந்து பூண்டுலோயாவுக்கு

எங்கள் மகள் தர்ஷினி தைவானுக்குப் படிக்கப் போய் இரண்டு வருடமாகிறது. தேயிலை பதனிடுவது பற்றிய மேற்படிப்பு. அங்கே திருமதி லின் என்பவரின் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறாள். போன வருடம் அவளுக்கு அவசரமாகக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் அந்த அம்மாதான். நான் இங்கே ஹட்டனில் முருகனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தேன். அங்கே கஞ்சி ஊட்டியது அவர் கை.

அவர் இந்த மாசி மாதம் இலங்கைக்கு வந்தார். ஊரில் சின்னதாக ஒரு தேயிலைக் கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் வெய், அங்குள்ள சட்டப்படி எல்லாப் பையன்களும் செய்யவேண்டிய இராணுவ சேவையில் இருக்கிறான். அவர் என்னிடம் கேட்டது இரண்டே விஷயம். ஒரு தேயிலைத் தோட்டத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கோயிலில் மகனுக்காகக் கும்பிட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் அமைய வழியிருந்தது. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் கணவரின் தங்கை செல்வராணி கங்காணியாக இருக்கிறாள். கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்க்கிற வேலை. தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியிலும் இருக்கிறாள்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் தர்ஷினி தொலைபேசியில் ஒன்று சொன்னாள்.

“அம்மா, அவங்க எத வேணும்னாலும் சாப்பிடுவாங்க, எங்க வேணும்னாலும் படுத்துக்குவாங்க. ஒண்ணே ஒண்ணு. அவங்கள சைனான்னு மட்டும் யாரும் சொல்லிடாமப் பாத்துக்கங்க. கோபப்பட மாட்டாங்க. ஆனா மனசுக்குள்ள ஒடஞ்சிருவாங்க.”

“சரிம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், காரியம் ஏற்கெனவே பிசகியிருந்தது. காரணம், தோட்டத்துக்குள் போக அனுமதி கேட்டு, பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே இணையத்தில் ஒரு படிவம் நிரப்பியிருந்தேன். ‘நாடு’ என்ற கட்டத்தை அமுக்கினால் ஒரு பட்டியல் விழும். அதில் தைவான் இல்லை. மேலும் கீழும் நாலு தடவை தேடினேன். கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த என் கணவர், “சைனாவப் போட்டு விடு, காரியம் நடக்கட்டும்” என்றார். போட்டுவிட்டேன். மகள் சொன்ன பிறகாவது தோட்டத்துக்குப் போன் பண்ணித் திருத்தியிருக்கலாம். அனுமதி ரத்தாகிவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். ஏதோ ஓர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிற எழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதும்போது இதை மறைத்துவிட்டு மூடுபனியை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை பகல் கண்டியிலிருந்து வந்த ரயிலில் திருமதி லின் ஹட்டனில் இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது. குட்டை முடி, நரைக்குச் சாயம் கிடையாது, முதுகில் ஒரே ஒரு பை. ஸ்டேஷன் வாசலில் பேரிக்காய் விற்கிறவர் என்னைத் தெரிந்தவர். “என்னக்கா, சைனாவா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இல்லண்ணே, தைவான்” என்று நான் சொல்வதற்குள், “தாய்லாந்தா! அங்க எங்க மச்சான் ஒருத்தர் போயிருக்காரு” என்று இரண்டு காய்களை அந்த அம்மா கையில் சும்மாவே கொடுத்துவிட்டார். திருமதி லின் சிரித்தார். ஆங்கிலத்தில் என்னிடம், “தாய்லாந்து என்றால் பரவாயில்லை, அதற்கு நான் பழகிவிட்டேன்” என்றார். என் ஆங்கிலம் வானொலி கேட்டும் மகளின் பழைய புத்தகங்களைப் புரட்டியும் படித்தது. அவருடையது கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பழகியது. எட்டாத இடத்தில் இரண்டு பேரும் தொலைபேசியிலிருந்த மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டோம்.

அன்று மாலை ஓட்டோவில் டிக்கோயா வரை போய் வந்தோம். போக ஐந்து கிலோமீட்டர், போய்வர காத்திருப்புடன் ஆயிரத்து நானூறு ரூபாய். ஆற்றோரமாகத் தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். நேரமில்லாதவர்களுக்கு இதுவே போதும். நான் பிறந்த ஆஸ்பத்திரியைக் காட்டினேன். அவர் இறங்கி நின்று வாசலைப் படம் எடுத்துக்கொண்டார். “தர்ஷினியின் அம்மா பிறந்த இடம்” என்று மகனுக்கு அனுப்புவாராம்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். சாப்பிடும்போது என் கணவர், தெரிந்துகொள்ளும் ஆசையில்தான், கேட்டுவிட்டார்: உங்கள் ஊர் தனி நாடா, இல்லையா? நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். திருமதி லின் கொஞ்சமும் சலிக்காமல் சொன்னார். வாசிக்கிறவர்களில் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம் என்பதால் எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன்.

தைவான் ஒரு தீவு. அங்கே அவர்களே வாக்குப் போட்டு அவர்களே அரசாங்கம் அமைக்கிறார்கள். பணம், கடவுச்சீட்டு, இராணுவம் எல்லாம் தனி. ஆனால் சீனா அந்தத் தீவு தன்னுடைய மாகாணம் என்கிறது. உலகத்தில் பெரும்பாலான நாடுகள், நம்முடைய இலங்கையும் சேர்த்து, சீனாவோடுதான் உறவு வைத்திருக்கின்றன. தைவானைத் தனி நாடாக ஏற்பவை மிகச் சில. அதனால் கொழும்பில் அவர்களுக்குத் தூதரகம் கிடையாது. தர்ஷினியின் விசாவுக்கு நாங்கள் இந்தியாவிலுள்ள அவர்களின் அலுவலகம் வழியாக அலைந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளையாட்டுப் போட்டிகளுக்குக்கூட அவர்கள் வேறொரு பெயரில்தான் போகிறார்களாம்.

“தீவுக்குள்ளேயும் எல்லாரும் ஒன்றாக நினைப்பதில்லை” என்றார் அவர். “என் மாமனார் அந்தக் கரையிலிருந்து சண்டைக் காலத்தில் வந்தவர். சாகும்வரை தன்னைச் சீனர் என்றுதான் சொன்னார். நான் அப்படிச் சொல்வதில்லை. முப்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.”

“சண்ட வருமா?” என்று கேட்டார் என் கணவர். இன்னொரு மிதி.

“நான் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். காலையில் கடையைத் திறக்க வேண்டியிருக்கிறதே” என்றார். பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “முன்பெல்லாம் இப்படிப் பதில் சொல்வது சுலபம். இப்போது வெய் அங்கே நிற்கிறான்” என்றார். அவன் நிற்பது பெரிய தீவில்கூட இல்லை. எதிர்க்கரைக் கட்டடங்கள் வெறும் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலுள்ள ஒரு சின்னத் தீவில்.

அப்போதே நான் படிவத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீரோடு இருப்பவள். திருமதி லின்னும் அன்று அப்படியே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, கடைசியில் ஒரு வாழைப்பழத்துக்கு ஒப்புக்கொண்டார். ஹட்டனிலிருந்து வட்டகொடைக்குப் பகல் ரயில், மூன்றாம் வகுப்பு. 11.05க்கு வரவேண்டியது 11.40க்கு வந்தது. இந்தப் பாதையில் முப்பது நிமிடத் தாமதத்தைத் தாமதமாகவே கணக்கில் எடுக்காதீர்கள். ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். உள்ளே இருட்டானதும் பெட்டியில் இருக்கிற இளவட்டங்கள் ஊளையிடுவது வழக்கம். அன்று என் பக்கத்திலிருந்தும் ஒரு ஊளை கேட்டது. வெளிச்சம் வந்தபோது திருமதி லின் ஒன்றும் தெரியாதவர் போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டகலை தாண்டியதும் பள்ளத்தாக்கு திறந்து நீர்வீழ்ச்சி தெரியும். முடிந்தால் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். கதவோரம் தொங்க வேண்டாம்.

12.35க்கு வட்டகொடை. சின்ன ஸ்டேஷன். இறங்கினால் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கமும் தேயிலை. எதிரிலுள்ள தேநீர்க் கடைக்காரரிடம் சொன்னால் ஓட்டோ கூப்பிட்டுத் தருவார். தோட்டத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசினோம். கடைசி மூன்று கிலோமீட்டர் கல்லுப் பாதை. இடுப்பு வலியுள்ளவர்கள் ஒரு தலையணை கொண்டு போங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஓட்டோக்காரர் நல்ல பேச்சுக்காரர். “நம்ம தோட்டத்துக்கா போறீங்க? அங்க இன்னைக்குப் பெரிய வரவேற்பெல்லாம் நடக்குதுங்க. காலையிலேயே தப்பு மேளத்தக் காய்ச்சிக்கிட்டிருந்தாங்க” என்றார். “யாருக்கு?” என்று கேட்டேன். கண்ணாடியில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “யாருக்கா? இந்தம்மாவுக்குத்தாங்க!”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. செல்வராணியின் வேலை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கடைசி வளைவு திரும்பியதும் பெரட்டுக் களம். காலையில் ஆளெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கிற வெளி அது. முப்பது நாற்பது பேர் நின்றார்கள். பாதி நாள் வேலை முடித்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேலை மாற்றி வந்த பெண்கள். தப்பு முழங்கியது. குறுக்கே கட்டியிருந்த கயிற்றில் மாவிலைத் தோரணம். தோரணத்துக்கு நடுவில் நாலு சிவப்புக் காகிதம், ஒவ்வொன்றிலும் ஐந்து மஞ்சள் நட்சத்திரம். கீழே வெள்ளை அட்டையில் அழகான எழுத்தில்: ‘சீன நாட்டுத் தாயே, வருக வருக.’

அட்டையை அவரால் வாசிக்க முடியாது. கொடியை வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

ஓட்டோ நின்றது. அவர் இறங்கவில்லை. கை முன் கம்பியைப் பிடித்தபடி அப்படியே இருந்தது. முகத்தில் கோபம் எதுவும் இல்லை, தர்ஷினி சொன்ன மாதிரியே. யாரோ விளக்கைத் தணித்தது போல் இருந்தது, அவ்வளவுதான். வெளியே செல்வராணி ஆரத்தித் தட்டுடன் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“யார் இவர்களுக்குச் சொன்னது?” என்று மெதுவாகக் கேட்டார்.

பழியை ஆபீஸ் மேல் போடலாம், பட்டியல் மேல் போடலாம், என் கணவர் மேல்கூடப் போடலாம். மூன்றும் வாய் வரை வந்தன. வெள்ளிக்கிழமை, வெறும் வயிறு, எதிரே கோயில் கோபுரம் தெரிகிறது.

“நான்தான் எழுதினேன்” என்றேன்.

“தர்ஷினி உங்களிடம் சொல்லவில்லையா?”

“சொன்னாள். அதற்கு முன்பே எழுதிவிட்டேன். சொன்ன பிறகும் திருத்தவில்லை.”

“ஏன்?”

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வேறு சொல் கிடைக்கவில்லை. “வசதிக்காக” என்றேன்.

தலையை ஆட்டினார். “எல்லாரும் வசதிக்காகத்தான் எழுதுகிறார்கள்” என்றார்.

இவ்வளவு நேரத்தில் தப்பு ஓய்ந்துவிட்டது. செல்வராணி தட்டோடு ஓட்டோவுக்குள் தலையை நீட்டினாள். “என்னாங்கண்ணி, சூடம் அணையுது, ஏன் எறங்க மாட்டேங்குறாங்க?” நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

“நான் தைவான்னுதாங்கண்ணி சொன்னேன். கமிட்டியில சொன்னேன், ஆபீஸ்ல சொன்னேன். கிளாக்கரையா பேப்பரக் காட்டுனாரு, சைனான்னு இருக்குதே, எழுதுனது ஒங்க அண்ணிதானேன்னாரு. அண்ணி எழுதுனா பிசகாதுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்.”

அதோடு விட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் விடவில்லை.

“அன்னைக்கு குடிசன மதிப்புக்கு வீடு வீடா கணக்கெடுக்க வந்த தம்பியப் போட்டு என்னா வாங்கு வாங்குனீங்க! ‘இந்தியத் தமிழர்னு ஏன் போடுற, நான் இந்தியாவுல ஒரு நாள் இருந்திருக்கேனா, மலையகத் தமிழர்னு போடு’ன்னு அர மணி நேரம். அந்தப் பையன் தண்ணி கேட்டுக் குடிச்சான். ஒங்களுக்குன்னா அம்புட்டு ரோசம். இந்தம்மாவுக்கு மட்டும் எதையாச்சும் போட்டுக்கலாமா?”

பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தனையும் உண்மை. என் மாமனார் வீட்டில் பாதிப் பேர் இலங்கையும் இந்தியாவும் போட்ட குடியுரிமை ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்கள். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்கிறார்கள், இங்கே இருக்கிற எங்களை இந்தியாக்காரர் என்கிறார்கள். அந்தக் கட்டத்துக்காக நான் சண்டை போட்டது சரிதான். அதே கை மூன்று வாரம் முன்பு என்ன செய்தது?

“அவர் என்ன திட்டுகிறார்?” என்று திருமதி லின் கேட்டார். ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தேன். அதுதான் எனக்குத் தண்டனை என்று தோன்றியது. அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, செல்வராணியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு ஓட்டோவிலிருந்து இறங்கினார்.

கொடியை என்ன செய்வது என்பதில் அடுத்த குழப்பம். கோயில் கமிட்டிச் செயலாளர் சுரேஷ், பூண்டுலோயா டவுன் வரை போய்க் கலர் அச்சுப் போட்டு வந்தவர், தலையைச் சொறிந்தார். “ஒரு நாட்டுக் கொடிங்க. கழட்டி வீசுனா நாளைக்கு ஏதும் பிரச்சன வருமுங்களா? பசங்க வீடியோ வேற எடுத்துக்கிட்டிருக்கானுங்க.” தைவான் கொடியை இப்போதே தேடி அச்செடுத்து வரட்டுமா, முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றும் சொன்னார்.

சுரேஷ் கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். திருமதி லின் வேண்டாம் என்றார். அந்தக் கொடியைப் பற்றியும் எங்கள் ஊரில் ஆளுக்கொரு பேச்சு இருக்கிறது, என் வீட்டுச் சண்டையை இங்கே ஏன் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார். “வீசவும் வேண்டாம். அது யாரோ ஒருவருடைய கொடி. என்னுடையதில்லை. மடித்து வையுங்கள்.” சுரேஷ் நாற்காலி போட்டு ஏறி நாலையும் அவிழ்த்து, சலவைச் சட்டை மடிப்பது போல் மடித்துப் பைக்குள் வைத்தார். அட்டையில் ‘சீன நாட்டு’ என்ற இடத்தில் செல்வராணி இரண்டு செவ்வந்திப் பூவைச் செருகினாள். ‘தாயே, வருக வருக’ என்பது மட்டும் தெரிந்தது. தப்பு மறுபடி தொடங்கியது. மாவிலைக்குக் கீழே அவர் குனிந்து உள்ளே வந்தார். குனியத் தேவையில்லாத உயரம்தான்.

பகல் மூன்று மணிக்கு ஸ்டோரு பார்க்கப் போனோம். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள். சுற்றிக் காட்ட ஒரு மணி நேரம். கொழுந்து வாடப் போடுகிற மாடியில் அந்த அம்மா ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, “இன்னும் நாலு மணி நேரம்” என்றார். கூட வந்த டீமேக்கர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சரியாச் சொல்றாங்களே!” என்றார். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஸ்டோரு வாசலில் வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற பெரிய புத்தகம் இருந்தது. திருத்தலாம் என்று நான் முந்திக்கொண்டு போனேன். புதிதாக வந்திருந்த இளம் கிளாக்கர், சிங்களவர், பணிவானவர். கம்ப்யூட்டரில் ஏறியதைத் தன்னால் மாற்ற முடியாது, மேலிடத்துக்கு எழுதலாம், ஆனால் அந்தப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை என்றார். “புத்தகத்தில் அவரே எழுதட்டும். கையால் எழுதுவதை நான் ஏன் தடுக்கப் போகிறேன்?” திருமதி லின் நிதானமாக, தன் எழுத்தில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் எழுதினார். கட்டம் போதாமல் பக்கத்துக் கட்டத்திலும் கொஞ்சம் ஏறியது.

பிறகு கிளாக்கர் பேனாவை என் பக்கம் நீட்டினார். என் பட்டுச் சேலையையும் பொட்டையும் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சிங்களத்தில் கேட்டார்: “நோனா இந்தியாவிலிருந்தா?”

“டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து” என்றேன், அதே சிங்களத்தில். பாவம், அவர் காது சிவந்துவிட்டது. என்ன கேட்டார் என்று திருமதி லின்னுக்குச் சொன்னேன். மத்தியானத்திலிருந்து அடங்கியிருந்த சிரிப்பு அப்போதுதான் அவருக்கு வந்தது. என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “இப்போது உங்கள் முறை” என்றார்.

மாலைப் பூசை ஐந்தரைக்கு. மழைத் தூறல். சின்னக் கோயில், தகரக் கூரை, உள்ளே மாரியம்மன். வெள்ளிக்கிழமை என்பதால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். திருமதி லின் என்னைப் பார்த்துப் பார்த்துக் காலைக் கழுவினார், நெற்றியில் திருநீறு பூசினார். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, கூடவே ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னத் தேயிலைப் பொட்டலம். பூசாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மாளுக்குத் தேயில புதுசா என்ன?” என்று சிரித்தபடியே தட்டில் வைத்துக்கொண்டார்.

“யாருக்கு அர்ச்சன?”

“இவங்க மகனுக்குங்க. பேரு வெய்.”

“நட்சத்திரம்?”

தெரியாது என்றேன். பிறந்த தேதி, நேரம் கேட்டு நான் தொலைபேசியில் தேடத் தொடங்க, அவர் கையமர்த்தினார். “அம்மாளுக்குத் தெரியும், விடுங்க. பையன் எங்க, வேலையிலயா?”

“ஆர்மியிலங்க. கடலுக்கு நடுவுல ஒரு தீவுல நிக்கிறாரு.”

“அப்பா?”

“இல்லைங்க.”

அவ்வளவுதான் கேட்டார். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து ஸ்டோரு வரை அந்த இரண்டு நாளில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும் அந்த அம்மாவை எந்த நாடு என்று கேட்டார்கள். கேட்காதவர் பூசாரி ஒருவர்தான். தீபாராதனையின்போது, பக்கத்தில் நின்ற அந்த அம்மா தன் மொழியில் எதையோ நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மொழிபெயர்ப்பை அணைத்து வைத்திருந்தேன். மகனுக்கென்று அவர் வாங்கிய மஞ்சள் காப்புக் கயிற்றில் பூசாரி முடிச்சுப் போட்டு, திருநீற்றோடு மடித்துக் கொடுத்தார்.

அன்றிரவு செல்வராணி வீட்டில், லயத்து இரண்டாவது அறையில் படுத்தோம். சனிக்கிழமை காலை 7.15க்குப் பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலைக்குப் பஸ், அங்கே மாறி நுவரெலியா. வழியில் எல்லாம் மூடுபனி. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்து, ஏரியைச் சுற்றி நடந்து, பகல் நானுஓயாவில் அவரை எல்ல என்ற ஊர்ப் பக்கம் போகிற ரயிலில் ஏற்றிவிட்டேன். ரயில் நகரும்போது, “தர்ஷினியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கள்” என்றார். அன்று மாலையே சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “நீங்களா சொன்னீங்களே, அதுவே போதும்மா” என்றாள்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு. தோட்டத்துக்குள் அனுமதியில்லாமல் போக வேண்டாம். மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மாசியிலும் பூண்டுலோயாப் பக்கம் பின்னேரம் தூறும், குடை அவசியம். கல்லுப் பாதைக்குச் செருப்பு உதவாது. மூன்று நாளும் இருவருக்குமாகப் போக்குவரத்து மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம். சாப்பாட்டுக்கு உறவுக்காரர்கள் காசு வாங்கவில்லை, உங்களுக்கு அது சேரும். வெளிநாட்டு விருந்தாளிக்காக நீங்கள் படிவம் நிரப்புவதாக இருந்தால், பெயரைக் கேட்டு எழுதுவதைப் போலவே நாட்டையும் அவரிடம் கேட்டு எழுதுங்கள். பட்டியலில் இல்லையென்றால் போன் பண்ணிச் சொல்லுங்கள். நான் பயந்த மாதிரி அனுமதி ஒன்றும் ரத்தாகியிருக்காது. பிறகு அந்தக் கிளாக்கரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் திருமதி லின்னிடமிருந்து செய்தி வந்தது, தர்ஷினி வழியாக இல்லாமல் நேரே எனக்கு. வெய் இரண்டு நாள் விடுமுறையில் வந்து போயிருக்கிறான். கையில் கயிறு கட்ட முகாமில் விடமாட்டார்களாம். கணுக்காலில் கட்டி, சப்பாத்துக்குள் மறைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அதன் கீழே இன்னொரு வரி. எனக்கும் செல்வராணிக்கும் தேயிலைப் பார்சல் அனுப்பத் தபாலகத்தில் நிற்கிறாராம். ‘உங்கள் பெயருக்குக் கீழே நாடு என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்ன எழுதட்டும்?’

அடுப்பில் பால் பொங்கி வழிகிறவரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பதில் போட்டேன்: ‘மலையகம், இலங்கை என்று எழுதுங்கள். முதல் சொல் தபால்காரருக்குத் தேவைப்படாது. இடமிருந்தால் எழுதுங்கள்.’

பார்சல் நேற்று வந்தது. கட்டத்துக்குள் இடம் போதவில்லை. பக்கத்துக் கட்டத்திலும் கொஞ்சம் ஏறியிருந்தது.